வெள்ளைத் துணியும் வால்நட்சத்திரமும்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று வானம் பார்க்கிற சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். சங்கம் மலர் போடுகிறதாம். மூத்த உறுப்பினர்களைப் பற்றி அவரவர் வீட்டாரே எழுதினால் நன்றாக இருக்குமாம். "அவர், இவர்னு கொஞ்சம் மரியாதையா எழுதுங்கம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அது நடக்காது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவள் நான். அவள் என்றுதான் எழுதுவேன். பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஏதாவது விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

அவள் என் கணவரின் அக்கா. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. ஈரச் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பாள். அந்த வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது, சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேலையோடு நிறுத்திக்கொள்வாளா? கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே முன்பக்கம் வருவாள். புதுக் கண்ணாடி வாங்க வந்த பெரியவரின் முகத்துக்கு நேராக முகத்தை நீட்டிப் பார்ப்பாள். "உங்களுக்குப் புரை விழுந்திருக்கு. கண்ணாடி மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. டாக்டரைப் போய்ப் பாருங்க" என்பாள். வந்த வியாபாரம் வந்த வழியே போகும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு இடம் கூடி வந்தது. பையனின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். "லென்ஸோட நடுப்புள்ளி உங்க கண்ணுக்கு நேரா இல்ல. இதைப் போட்டுக்கிட்டுப் பார்த்துதான் என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களா?" என்றாளாம். அந்தப் பையன் தப்பித்தான். நான் மாட்டினேன்.

என் மாமனார் போகும்போது வீட்டை மகனுக்கும் மொட்டை மாடியை மகளுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். உலகத்தில் எந்த அப்பனாவது இப்படிப் பங்கு பிரிப்பானா? "அவளுக்கு வேறென்ன வேணும், வானம் தெரிஞ்சா போதும்" என்றாராம். வானம் அவளுக்கு, அவளோடு மல்லுக்கட்டுவது எனக்கு.

நட்சத்திரம் என்றால் சும்மா மினுங்கிக்கொண்டு கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் சிலது ஏறி இறங்குமாம். இப்போது பளிச்சென்று இருப்பது சில மாதத்தில் மங்கிவிடுமாம். அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், பைனாகுலரும் கண்ணும் போதும். பக்கத்தில் வெளிச்சம் மாறாத இரண்டு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று நடுவில் ஓர் எண் போட வேண்டும். அதைச் செயலாளருக்கு போனில் சொல்ல வேண்டும். புதிதாக வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கும் இதே வேலைதான். அது பஞ்சு மாதிரிப் பரவிக் கிடக்கும் என்பதால் பைனாகுலரின் திருகைக் கொஞ்சம் கலைத்து, பக்கத்து நட்சத்திரங்களையும் பஞ்சாக்கிவிட்டு ஒப்பிடுவார்கள். நன்றாக இருப்பதைக் கெடுத்துப் பார்ப்பதில் என் நாத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுக்கென்று ஒரு செல்ல நட்சத்திரமும் உண்டு. அது வருஷக்கணக்கில் ஒரே மாதிரி அடக்க ஒடுக்கமாக இருக்குமாம். திடீரென்று ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், தானே கரியைக் கக்கி அந்தக் கரிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளுமாம். எப்போது என்று எவருக்கும் தெரியாது. கடைசியாக அது மறைந்தபோது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். வேறு யாரோ முதலில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காய்ச்சலுக்கு நான் போட்டுக் கொடுத்த கஷாயம்தான் அவளைத் தூங்க வைத்தது என்று இன்றுவரை என் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் போட்ட எண்ணைத் தெரிந்துகொண்டு வானத்தைப் பார்க்கக் கூடாது. தெரிந்துகொண்டால் கண்ணும் அதையே பார்த்துத் தொலைக்குமாம். மற்றவர்கள் தங்கள் எண்ணைச் சொன்ன பிறகு, நீங்கள் என்ன போட்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். இவள் அதுவும் செய்ய மாட்டாள். "இன்னைக்குக் கேட்டா நாளைக்குப் பார்க்கும்போது அது மண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கும்" என்பாள். ஒருதடவை செயலாளர் வாய்தவறி இன்னொருவரின் எண்ணைச் சொல்லிவிட, போனை அப்படியே வைத்துவிட்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

சங்கத்துக்கே இந்தக் கதி என்றால் வீட்டை நினைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் துணிக்கொடி கட்டக் கூடாது, பின்கட்டில்தான் உலர்த்த வேண்டும். இருட்டிய பிறகு மாடிப்படியில் விளக்குப் போடக் கூடாது, வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடுமாம். என் சமையலறை பல்புக்குச் சிவப்புத் தாளைச் சுற்றினாள். அந்த வெளிச்சத்தில் வெந்ததும் தெரியாது, வேகாததும் தெரியாது. ஒருநாள் இருட்டிய பிறகு, மேலே வெயிலில் வைத்த தலையணை பனியில் நனைந்துவிடுமே என்று எடுக்கப் போனேன். இறங்கும்போது இருட்டில் படி தவறி உருண்டேன். மணிக்கட்டு முறிந்தது. அலறினேன். மேலேயிருந்து அவள் குரல்தான் முதலில் வந்தது: "லைட்டைப் போடாதே!"

என் கணவர் போட்டுவிட்டார். அவள் இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், பியூஸைப் பிடுங்கினாள்.

அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது. எதுவாக இருந்தாலும் என் கணவர் வழியாகத்தான். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று அவள் சொல்வாள். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று நான் சொல்வேன். நடுவில் அவர், இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம்.

இதில் புதிதாகத் துணிச் சண்டை வேறு ஆரம்பித்தது. "உன் பொண்டாட்டிக்குத் துணி துவைக்கவே தெரியல. வெள்ளையெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கு." எனக்கா தெரியாது? சோப்பை மாற்றினேன். வெந்நீரில் ஊற வைத்தேன். அலசும் தண்ணீரில் நீலத்தை இன்னும் ரெண்டு சொட்டு, அப்புறம் இன்னும் நாலு சொட்டு என்று கூட்டிக்கொண்டே போனேன். அவள் தன் வெள்ளை ஜாக்கெட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "மஞ்சள்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்பேன். அவர் சொல்ல மாட்டார். சொல்லத் தேவையும் இல்லை, அவள் காது நன்றாகவே கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகனுக்குக் கல்யாணமாயிற்று. வீட்டில் இருப்பது இரண்டு அறைகள், ஒன்று எங்களுக்கு, ஒன்று அவளுக்கு. புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஹாலில் பாய் விரித்தார்கள். விடிந்தும் விடியாமலும் என் கணவர் அவர்கள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எந்தப் பிள்ளை பொறுப்பான்? "மேல ஒரு ரூம் போட்டுக் குடும்மா. இல்லைன்னா நாங்க தனியாப் போயிடறோம்" என்றான். அவன் ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார் முகத்தில் விழிப்பேன், அவள் முகத்திலா?

என் கணவரை நெட்டித் தள்ளிக் கேட்க வைத்தேன்.

"அக்கா, மேல ஒரு ரூம் போட்டுக்கலாமா?"

"போடு. என்னைப் புதைச்சிட்டு அதுக்கு மேல போடு."

"அவ்வளவு பெரிய மாடியில ஒரு மூலைதானேக்கா?"

"எந்த மூலையில சுவர் எழுப்பினாலும் அந்தப் பக்கத்து வானம் போச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "இந்த வயசுல உங்க அக்காவுக்கு என்னத்தத் தெரியுதுன்னு கேளுங்க. வெள்ளைத் துணியே மஞ்சளாத் தெரியுது. நட்சத்திரம் எங்க தெரியப் போகுது?"

அவள் எழுந்துவிட்டாள். கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது. "என் கண்ணு தப்புன்னு எவனாவது நிரூபிக்கட்டும். மொட்டை மாடியை அன்னைக்கே எழுதித் தரேன்."

"நீங்கதான் சாட்சி" என்றேன் என் கணவரிடம். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் புது வால்நட்சத்திரம் ஒன்று வந்தது. எங்கோ மலை மேல் தானாகவே படம் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் இயந்திரம் அதைக் கண்டுபிடித்ததாம். சாயங்காலம் மேற்கே தெரியும், வெறும் கண்ணுக்கே தெரியலாம் என்று சங்கத்தில் ஒரே பரபரப்பு. ஊர் மைதானத்தில் பொதுமக்களுக்குக் காட்ட ஏற்பாடு, பெஞ்சு, ஒலிபெருக்கி என்று தடபுடல். இவள் தினமும் மாடியிலிருந்து எண் சொன்னாள். அவள் கணக்கில் அது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒருநாள் செயலாளரை போனில் கூப்பிட்டாள். "உடைஞ்சு போச்சு. கரைஞ்சிக்கிட்டு இருக்கு. மைதானத்துல எல்லாரையும் கூட்டி வெச்சு எதைக் காட்டப் போறீங்க?" என்றாள். வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது உடைந்து தூளாவது உண்டாம். சங்கத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஏற்பாட்டையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போன என் மருமகள் ஓடி வந்தாள். "அத்தை, பஸ் ஸ்டாண்டுக்கு மேல என்னவோ வால் மாதிரி தெரியுது. ரோட்டுல எல்லாரும் நின்னு பார்க்கறாங்க!"

நானும் போய்ப் பார்த்தேன். குழந்தைக்குக் கூடத் தெரியும், அப்படித் தெரிந்தது.

அதற்கடுத்த நாள் செயலாளர் வந்தார். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் நாத்தனார் எதிரில் நின்றாள்.

"மேடம், வால்நட்சத்திரம் உடையல."

"நான் பார்த்தேன். மங்கிக்கிட்டே போகுது."

"உங்களுக்கு மட்டும்தான் மேடம். அதோட வெளிச்சம் நீலமும் பச்சையும் கலந்தது. நீலமா, பச்சையா இருக்கறதையெல்லாம் நீங்க மங்கலாப் போடறீங்க. சிவப்பு நட்சத்திரத்தையெல்லாம் எல்லாரையும் விடப் பிரகாசமாப் போடறீங்க. ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு."

"ஒரு வருஷமாவா? ஏன் சொல்லல?"

"நீங்கதான் அடுத்தவங்க எண்ணைச் சொல்லவே கூடாதுன்னு..." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பயமாவும் இருந்தது மேடம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷம். என் துணி மஞ்சளாகி எத்தனை நாளாயிற்று? ஒரு வருஷம்! பின்கட்டுக்கு ஓடினேன். கொடியிலிருந்து வெள்ளைப் படுக்கைவிரிப்பை உருவிக்கொண்டு வந்து செயலாளர் மடியிலேயே போட்டேன்.

"இது என்ன நிறம், சொல்லுங்க."

அவர் மிரண்டு போய்ப் பார்த்தார். "வெள்ளைம்மா. கொஞ்சம் நீலம் தூக்கலா..."

நான் அவள் பக்கம் திரும்பினேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "என் துணி மஞ்சள் இல்ல அண்ணி. உங்க கண்ணுதான் மஞ்சள்."

வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. பொய் சொல்வானேன்.

அவள் படுக்கைவிரிப்பை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மற்றதை மூடிப் பார்த்தாள். கடைக்கு வருகிறவன் போகிறவன் கண்ணிலெல்லாம் புரை கண்டுபிடித்தவள் அவள். அவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"புரை" என்றாள். பிறகு என் கணவரிடம், "கொத்தனாரை வரச் சொல்லு" என்றாள். சொன்ன சொல்லை மென்று விழுங்குகிற புத்தி அவளுக்கு எப்போதும் கிடையாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் மாடி ஏறவில்லை. தலைக்கு மேல் நடமாட்டம் இல்லாமல் நான் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. ஆனால் சோறு இறங்கவில்லை. எரிச்சலாக இருந்தது. ஜெயித்த பிறகும் எரிச்சல் போகாவிட்டால் பிறகு எதற்கு ஜெயிப்பது?

ஆபரேஷன் ஒரு கண்ணுக்கு முதலில் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கணவரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சுகமா, தண்ணி வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்கட்டுக் கொடியைப் பார்த்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு துணியாகப் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நீலத்தைக் குறைக்கச் சொல்லு. வீட்டுத் துணியெல்லாம் ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி இருக்கு."

யாருக்காக ஒரு வருஷம் நீலத்தைக் கொட்டினேன்! அந்த ஆட்டோவிலேயே அவளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

டாக்டர் கொஞ்ச நாளைக்குப் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் அடங்கி இருந்தாள். அதற்குள் வால்நட்சத்திரம் வந்த வழியே போய்விட்டது. நல்ல கண்ணால் அவள் அதைப் பார்க்கவே இல்லை. சங்கத்தில் அவளுடைய ஒரு வருஷக் கணக்கை அப்படியே தள்ளிவிட்டார்கள். இனிமேல் அவள் எதைச் சொன்னாலும் இன்னொரு கண் கூட நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். முன்பு அவள் முன்னால் வாயைத் திறக்காதவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்களாம். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அதைக் கேட்டபோது அவர்களையும் பிடிக்கவில்லை.

மாடியில் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு மறுபடி படி ஏற அனுமதி கிடைத்த சாயங்காலம், இருட்டியதும் மேலே போனாள். போன சுருக்கில் குரல் வந்தது.

"இங்க வா!"

என் கணவர் எழுந்தார்.

"நீ இல்லடா. அவ."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது. சுவரைத் தடவிக்கொண்டு, முறிந்து கூடிய மணிக்கட்டில் வலி எடுக்க, இருட்டில் ஏறினேன். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பைனாகுலரை என் கையில் திணித்து, என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"கிண்ணம் மாதிரி வளைஞ்சிருக்குதா? அதுக்குள்ள பாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு. நடுவுல இருக்கறது மத்த ரெண்டையும் விடப் பிரகாசமா, மங்கலா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உங்க தம்பியைக் கூப்பிடறதுதானே?"

"நான் எதைக் கேட்டாலும் 'ஆமாக்கா'ம்பான். உனக்குத்தான் என் மேல பிரியம் கிடையாது. பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். பைனாகுலர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முழங்கையைச் செங்கல் மேல் ஊன்றிக்கொண்டு பார்த்தேன். மேலே ஒன்று தெரிந்தது. கீழே ஒன்று தெரிந்தது. நடுவில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பொட்டு.

அவளுடைய செல்ல நட்சத்திரம் இதுதான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் கதை அத்தோடு முடிந்தது. பழி தீர்க்க எனக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம் என் வெள்ளையை மஞ்சள் என்று சொல்லக் கேட்டவள் நான். அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

"நடுவுல இருக்கறது ரெண்டையும் விட மங்கல். இருக்கான்னே சந்தேகமா இருக்கு" என்றேன்.

அவள் போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டாள். "மறைய ஆரம்பிச்சாச்சு. வேற யாராவது சொன்னாங்களா? இல்லையா? சரி, நான்தான் முதல்ல. ரெண்டு கண்ணு பார்த்திருக்கு. இன்னொண்ணு என் தம்பி பொண்டாட்டியோடது."

அந்தப் பக்கத்தில் அவர் ஏதோ இழுத்தார். நம்பலாமா என்றுதான் கேட்டிருப்பார்.

"எனக்கும் அவளுக்கும் ஆகாது" என்றாள் அவள். "எனக்காக அவ பொய் சொல்ல மாட்டா."

இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

அறை எழும்பியது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, மகனும் மருமகளும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். தளம் போடும்போது, அறையின் மேலே ஏற வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கொத்தனார் கேட்டார். தண்ணீர்த் தொட்டி வைக்க என்றேன். தொட்டி பின்கட்டில்தான் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும்.

கடைசியாக வயரிங் செய்ய எலக்ட்ரீஷியன் வந்தார். "படிக்கு ஒரு லைட் பாயின்ட் விட்டுடறேன்மா" என்றார்.

"வேண்டாம்."

"கைப்பிடி கூட இல்லையேம்மா. இருட்டுல யாராவது ஏறும்போது விழுந்துட்டா?"

அவள் ஏற்கெனவே புது அறையின் மேலே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"கைப்பிடி வெச்சுக் குடுங்க. லைட்டு வேண்டாம். விழுந்தா விழட்டும்."